கடுக்கனும் ஹெட்போனும்

போன வாரம் காது டாக்டரிடம் போனேன். நானாகப் போகவில்லை, வீட்டில் தள்ளிக்கொண்டு போனார்கள். நாகர்கோவிலில் இப்போது பல்லுக்கு ஒரு தெரு, கண்ணுக்கு ஒரு தெரு, காதுக்கு ஒரு தெரு என்று ஆகிவிட்டது. டாக்டர் சின்னப் பெண். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஓர் இசைக்கவையை, அதுதான் டியூனிங் ஃபோர்க், எடுத்தாள். அதைத் தன் முழங்கையில் தட்டி முதலில் என் காதுக்கு நேராகப் பிடித்தாள். பிறகு அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் வைத்து அழுத்தினாள். "இப்பம் கேக்குதா தாத்தா?" என்று வெளியே காத்திருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

நான் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டேன். அந்தப் பெண் பாவம், எனக்குக் கூச்சமாக இருக்கிறதோ என்று கவையை எடுத்துவிட்டாள். கூச்சமெல்லாம் இல்லை. காதுக்குப் பின்னால் இருக்கிற அந்த எலும்போடு எனக்குப் பழைய உறவு ஒன்று உண்டு. அதை டாக்டரிடம் சொல்ல நேரமில்லை, வெளியே கூட்டம். உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கு டோக்கன் கிடையாது.

இசைக்கவை என் தொழில் சாமான். டாக்டர் அறையில் ஒரு ஸ்பிரிட் வாசனை இருந்தது பாருங்கள், அதுவும் என் தொழில் வாசனைதான். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பௌதிக லேபில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் என்ன என்று அன்றைக்கும் யாருக்கும் விளங்கவில்லை. புரொபசர் வகுப்பில் சொன்னதை லேபில் செய்து காட்டுகிறவன். சரியாக வந்தால் புரொபசருக்குப் பெருமை. வராவிட்டால் நான் சாமானைச் சரியாகத் துடைக்கவில்லை என்று அர்த்தம். என் அம்மா அக்கம்பக்கத்தில் "பையன் காலேஜில படிப்பிக்கான்" என்று சொல்லிவைத்திருந்தாள். அதைத் திருத்தும் அளவுக்கு நான் சத்தியசந்தன் இல்லை.

சாயங்காலம் ஆனால் எனக்கு ரேடியோப் பைத்தியம் பிடித்துவிடும். நாங்கள் அப்போது திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தோம். தலைநகரமும் திருவனந்தபுரம், ரேடியோ நிலையமும் திருவனந்தபுரம். நாகர்கோவிலில் ரேடியோ வைத்திருந்த வீடுகள் எனக்கு மனப்பாடம். எந்த வீட்டுச் சன்னலுக்குக் கீழே நின்றால் பாட்டு நன்றாகக் கேட்கும், எந்த வீட்டில் நாயை அவிழ்த்துவிடுவார்கள் என்பது எல்லாம் தெரியும். மணிமேடைப் பக்கம் ஒரு காப்பிக்கடையில் ரேடியோ இருந்தது. ஒரு காப்பிக்கு எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதில் கடைக்காரருக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம். கச்சேரி சூடு பிடிக்கும்போது அவர் ஈரத்துணியோடு வந்து என் மேஜையைத் துடைக்க ஆரம்பிப்பார். டம்ளரைத் தூக்கித் துடைப்பார், என் முழங்கையைத் தூக்கித் துடைப்பார். சொந்தமாக ஒரு ரேடியோ வேண்டும் என்ற வைராக்கியம் அந்த ஈரமேஜையில்தான் பிறந்தது.

வாங்க முடியாது. ஆனால் செய்யலாம் அல்லவா? பி.எஸ்ஸி. படித்தது பின்னே எதற்கு? மாசத்தில் ஒரு சனிக்கிழமை திருவனந்தபுரம் பஸ் ஏறுவேன். குழித்துறையில் பஸ் நிற்கும்போது எல்லோரும் இறங்கி டீயும் பழம்பொரியும் சாப்பிடுவார்கள். நான் வாசனையை மட்டும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். திருவனந்தபுரத்தில் சாலைக்கடைப் பக்கம், யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்களைக் குவித்து வைத்து விற்பார்கள். தண்ணீர்க் குப்பி, பூட்ஸ், கூடார ஆணி, இவற்றுக்கு நடுவில் தோண்டினால் வால்வு கிடைக்கும், கண்டென்ஸர் கிடைக்கும். அப்படித் தோண்டி எடுத்ததுதான் அந்த ஹெட்போன். பர்மாவிலோ எங்கேயோ வெடிச்சத்தத்துக்கு நடுவில் ஆர்டர் கேட்டுக்கொண்டிருந்த சாமான். தலையில் மாட்டுகிற பட்டை எஃகு. ஓடுகிற சிப்பாயின் தலையிலிருந்து விழக்கூடாது என்று செய்திருப்பார்கள் போலிருக்கிறது, மாட்டினால் மண்டையை இடுக்கிபோலப் பிடித்துக்கொள்ளும். கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் மாட்டியிருப்பது போலவே இருக்கும்.

கம்பிச்சுருள் சுற்ற ஒரு குழாய் வேண்டும், உலோகமாக இருக்கக் கூடாது. வீட்டில் தேடினேன். அம்மாவின் மூங்கில் புட்டுக்குழல் கைக்கு அடக்கமாக, வழவழவென்று, அந்தக் காரியத்துக்கென்றே பிறந்தது போல இருந்தது. மேலே வரிந்திருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டுச் செம்புக்கம்பியைச் சுற்றினேன்.

"மக்களே, புட்டுக்குழல் எங்க?"

"திருவனந்தபுரம் புடிக்கேன்மா."

"திருவனந்தபுரத்தப் புடி, ஆரு வேண்டாம்னா? நாளைக்குக் காலம்பற என்னத்தத் திங்க?"

அம்மா புதுக்குழல் வாங்கும்வரை வீட்டில் புட்டு இல்லை. ஆனால் ரேடியோ பேசியது. வெயில் காலத்தில் அந்தச் சுருள் சூடேறினால் லேசாகத் தேங்காய்ப்பூ வாசனை வரும். இன்றைக்கும் புட்டு அவிகிற வாசனை வந்தால் அடுத்தாற்போல் நிலைய அறிவிப்பாளர் குரல் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஒற்றை வால்வு, பாட்டரி, புட்டுக்குழல். இதுதான் மெஷின். ஹெட்போன் வழியாக மட்டும்தான் கேட்கும், ஒரு நேரம் ஒருவர்தான் கேட்கலாம். இன்னொரு குணமும் உண்டு. பக்கத்தில் யாராவது கையை நீட்டினாலே போதும், ஹெட்போனில் 'கீ' என்று ஊளையிடும். மனுஷ உடம்பு நெருங்கினால் சுருதி மாறிப்போகும். அதனால் எல்லோரும் தள்ளி நிற்க வேண்டும், நானும் குச்சியால்தான் திருகுவேன். என் சிநேகிதன் தாணு இதைப் பார்த்துவிட்டு, "எங்க அம்மாவனுக்கு மேல தீண்டல் பாக்குதே மக்கா இந்த மெஷினு" என்றான்.

தாணு என்னோடு படித்தவன். பஸ் கம்பெனி ஆபீசில் வேலை, வீடு பூதப்பாண்டியில். அவன் சொன்ன அம்மாவன் என்பது தாய்மாமன், அவன் அம்மாவின் மூத்த அண்ணன். தாணுவின் அப்பா காலமான பிறகு அந்த வீட்டில் எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். காதில் கடுக்கன், பின்னால் எலுமிச்சம்பழ அளவில் குடுமி, மடியில் வெற்றிலைப் பை. ஒரு காலத்தில் சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் நாதஸ்வரக்காரர்கள் இவர் எந்தத் தூணருகே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் ராகத்தை எடுப்பார்களாம். சிறு வயதிலிருந்தே காதில் சீழ். வைத்தியர்கள் ஆளுக்கொரு எண்ணெயாக ஊற்றி ஊற்றி, கடைசியில் இரண்டு காதும் அடைத்துப்போயிற்று. காதோடு வாயை வைத்துக் கத்தினால் பாதி விளங்கும். மீதியை அவரே சேர்த்துக்கொள்வார்.

இதனால் அந்த வீட்டில் ஒரு நடைமுறை உண்டாகியிருந்தது. அம்மாவன் சம்மதிக்க மாட்டார் என்று தெரிந்த காரியங்களை, அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது முதுகுப் பக்கம் நின்று மெதுவாகச் சொல்லிவிடுவார்கள். எப்போதாவது அவர் தலை அசையும். "அம்மாவன்ட்ட சொல்லியாச்சு" என்று காரியம் முடிந்துவிடும். பசுவை விற்றது, கொல்லைப்புறத்துச் சுவரை இடித்தது எல்லாம் இப்படி அவர் சம்மதத்தின் பேரில்தான்.

பூதப்பாண்டிக்கு நான் மெஷினோடு ஏரியல் கட்டப் போனேன். ஊர்ப்பக்கம் மின்சாரக் கம்பிகள் இல்லை, இரைச்சல் இருக்காது, தாணு வீட்டுக் கொல்லையில் இரண்டு நெட்டைத் தென்னை நிற்கிறது என்பதுதான் காரணம். சத்தியமாக அதுதான் காரணம், முதல் தடவை மட்டும். கொல்லையில் நின்று அண்ணாந்து மரத்தின் உயரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு பெண் பாடுகிற சத்தம் வந்தது. தாணுவின் தங்கை உமையம்மை. அவளைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டுவிட்டேன். அந்தச் சுருதி எங்கள் லேபில் இருக்கிற எந்த இசைக்கவையோடு சேரும் என்று மனசுக்குள் தேடிக்கொண்டு நின்றேன். காதல் வந்தால் பி.எஸ்ஸி.க்காரனுக்குத் தோன்றுவது இவ்வளவுதான்.

அப்புறம் ஏரியலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது கோளாறு வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து காற்று வீசினால் தென்னைகள் ஆடும், கம்பி தொய்யும், நிமிரும். ரேடியோவில் பாடுகிறவர் கிட்டே வந்து வந்து தள்ளிப் போவார். கம்பியை இழுத்துக் கட்டுகிற சாக்கில் நானும் வந்து வந்து போனேன். தாணுவின் அம்மாவை இரண்டாவது வாரமே "அத்தை" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவர்கள் மறுக்கவில்லை, கூட ஒரு கரண்டி உளுந்தங்களி வைத்தார்கள். தாணுவே அம்மாவனிடம் கல்யாணப் பேச்சை எடுத்தான். காதோடு வாய் வைத்துக் கத்தியதால் நான் தெருவிலிருந்தே முழுக்கக் கேட்டேன்.

"உத்தியோகம் என்னவாக்கும்?"

"காலேஜில டெமான்ஸ்ட்ரேட்டரு!"

"அப்டீன்னா?"

தாணு தன்னால் முடிந்தவரை விளக்கினான்.

"ஜாடி கழுகுகவனுக்கா நம்ம வீட்டுப் பெண்ணு?" என்று கேட்டுவிட்டு அம்மாவன் வெற்றிலைக்கு நரம்பு கிள்ளப் போய்விட்டார்.

நான் மனம் உடைந்துபோனேன் என்றால் அது மிகையில்லை. லேபில் மறுநாள் ஜாடிகளைக் கழுவாமலே வைத்தேன்.

இதற்கிடையில் உமையம்மைக்குத் திருவனந்தபுரம் ரேடியோவில் பாட வாய்ப்பு வந்தது. கால்மணி நேரம், சாயங்காலம். குரல் தேர்வுக்குத் தாணுதான் ரகசியமாகக் கூட்டிப்போய் வந்திருந்தான். ரகசியம் என்றும் சொல்ல முடியாது. அம்மாவனிடம் முறைப்படி முதுகுப் பக்கம் நின்று சொல்லியாயிற்று. ஆனால் பாடப் போக வேண்டிய வாரம் வந்ததும் பெட்டி, தம்புரா எல்லாம் கூடத்துக்கு வர, அம்மாவன் பார்த்துவிட்டார். நானும் அப்போது ஏரியல் கோளாறைப் பார்க்க அங்கேதான் இருந்தேன்.

"எங்கிட்ட ஆரு கேட்டா?"

"போன மாசமே சொன்னேனே அண்ணா. நீங்க தலையாட்டினேளே" என்று அத்தை கத்தினார்கள்.

"நான் ஈய வெரட்டினேன்!"

உமையம்மை தம்புராவின் உறையைத் திருகிக்கொண்டு நின்றாள். அம்மாவன் எல்லோரையும் ஒரு தரம் பார்த்தார். கோபம் என்றுதான் நான் நினைத்தேன். இப்போது யோசித்தால், தன் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு நாளாக எவ்வளவு நடந்திருக்கும் என்று அந்த நிமிஷத்தில் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"வாக்கு குடுத்தாச்சுன்னா போகட்டு. ஆனா நான் கேக்கணும். கேட்டு, நான் கொள்ளாம்னு சொன்னா இனியும் பாடட்டு. இல்லேன்னா தம்புராவக் கெட்டி மச்சில ஏத்திர வேண்டியதுதான்." கொள்ளாம் என்றால் எங்கள் ஊரில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீருதான் ஜாடிக்காரரா? உம்ம மெஷினு பேசட்டு. பேசினா உம்ம காரியத்தையும் பேசுவோம். பேசல்லேன்னா கம்பிய அவுத்துக்கிட்டு நடையக் கட்டும்."

இரண்டு காதும் கேட்காத மனுஷர், நான் கேட்க வேண்டும் என்கிறார். அவளுடைய பாட்டு, என்னுடைய கல்யாணம், இரண்டும் அந்த அடைத்த காதுகளுக்குள் போய் மாட்டிக்கொண்டன.

அத்தை என்னை அடுக்களை வாசலுக்குக் கூப்பிட்டுத் தைரியம் சொன்னார்கள். "நீங்க மாட்டி மட்டும் விடுங்கோ. கேக்கல்லேன்னு அவரு வாயால சொல்ல மாட்டாரு, கௌரவம் விடாது. நாம எல்லாரும் நல்லா இருந்துன்னு சொல்லுவோம், அவரும் ஆமாம்பாரு." அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. போகும்போது, "எனக்கும் ஒரு வரி கேக்க வச்சிருங்கோ. பிள்ளைக்க சத்தம் அந்தக் கம்பி வழியா எப்படி வருதுன்னு பாக்கணும்" என்றார்கள். அதற்கென்ன அத்தை, என்றேன்.

தாணுவும் உமையம்மையும் காலை பஸ்ஸில் போய்விட்டார்கள். மத்தியானத்திலிருந்தே சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் குளித்து, திருநீறு பூசி, கல்யாண வீட்டுக்கு வருவது போல வந்தார்கள். குழித்துறையிலிருந்து அம்மாவனின் சம்பந்தி வந்தார், அவருடைய மகளைத்தான் அம்மாவனின் மகனுக்குக் கட்டியிருந்தது. நான் மெஷினை நடுக்கூடத்தில் ஒரு பலகையின்மேல் வைத்து, சுற்றிலும் கோலப்பொடியால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் யாரும் வரக்கூடாது என்று சொன்னேன். பூஜை போல இருந்ததால் எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவி வட்டத்துக்கு வெளியிலிருந்து கும்பிட்டுக்கொண்டாள்.

நேரம் வந்தது. வால்வு சூடேறியது. குச்சியால் திருகினேன். காற்றும் அன்றைக்கு அடக்கமாக இருந்தது. அறிவிப்பாளர் உமையம்மையின் பெயரையும், முதல் பாட்டு மோகனம் என்பதையும் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். தம்புரா ஒலித்தது. உடனே ஹெட்போனைக் கழற்றி, நீளமான கம்பியோடு, வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவனிடம் இரண்டு கையாலும் நீட்டினேன்.

அம்மாவன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, பக்கத்தில் இருந்த சம்பந்தியிடம் நீட்டினார். "நீங்க முதல்ல."

"சேச்சே, நீங்க இருக்கும்போ நானா?" என்று சம்பந்தி அவர் காதோடு குனிந்து கத்தினார்.

"பெண்ணு குடுத்த எடம். நீங்கதான் முதல்ல."

"மூப்பு உங்களுக்கு."

"விருந்தாளி நீங்க."

எங்கள் ஊரில் வெற்றிலைத் தட்டம் இப்படித்தான் போய்வரும், யாரும் அவசரப்படுவதில்லை. வெற்றிலை எங்கும் ஓடிப்போகாது. ஆனால் இந்தத் தட்டத்துக்குள் அங்கே ஒரு பெண் மோகனத்தைப் பாடி முடித்துக்கொண்டிருக்கிறாள்! நான் வாயைத் திறந்து மூடினேன். பெரியவர்கள் உபசாரத்தில் குறுக்கே பேசுகிறவனுக்கு அந்த ஜில்லாவில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். ஹெட்போன் அங்கும் இங்கும் போய்வந்தது. முதல் பாட்டு முழுவதும் இரண்டு சம்பந்திகளின் கைகளுக்கு நடுவே, யார் காதிலும் விழாமல் போய்ச் சேர்ந்தது.

ஒருவழியாகக் குழித்துறைக்காரர் வென்றார். அம்மாவன் ஹெட்போனைத் தலையில் மாட்டினார். மாட்டிய வேகத்தில் "ஹா" என்று கத்தினார். பட்டாளத்து எஃகு, கடுக்கனைக் காதுமடலோடு வைத்து நசுக்கிவிட்டது. கடுக்கனைக் கழற்றுவது என்பது பேச்சுக்கே இடமில்லை, கல்யாணத்தில் போட்டது. அவர் ஹெட்போனை அப்படியும் இப்படியும் நகர்த்தி, கடைசியில் இரண்டு வட்டையும் காதுக்குப் பின்னால், குடுமிக்கு முன்னால், எலும்பின்மேல் தள்ளி உட்காரவைத்துக்கொண்டார். காதுகள் இரண்டும் ஹெட்போனுக்கு வெளியே, விசிறிபோல விரிந்து நின்றன.

ஏற்கெனவே கேட்காத காது, அதிலும் காதில் இல்லை ஹெட்போன். சரிசெய்யலாம் என்று எழுந்தேன். ஆனால் அந்தத் தலையை யார் தொடுவது? நான் கையை நீட்டியபடி வட்டத்துக்குப் பக்கத்தில் நின்றால் மெஷின் வேறு ஊளையிடும். உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவன் முகத்தைச் சுளித்தார். பிறகு சுளிப்பு போயிற்று. கண்ணை மூடினார். வலது கை மெதுவாகத் தொடைமேல் விழுந்தது, எழுந்தது, விரல்களை எண்ணியது. தாளம்! கூடத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழித்துறைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நல்லவேளை, பெரியவர் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார், நம் காரியம் ஜெயம் என்று எனக்கும் மூச்சு வந்தது.

ஆனால் அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. அடுக்களை வாசலில் அத்தை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றார்கள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார்கள். நான் சைகை காட்டினேன். குழித்துறைக்காரர் அம்மாவனின் தோளை லேசாகத் தொட்டார். அவர் கண்ணைத் திறக்காமலே இடது கையால் அந்தக் கையை விலக்கிவிட்டார். கேட்கவே கேட்காத மனுஷர் இப்படிப் பிடித்துவைத்துக்கொண்டு, பெற்றவளுக்கு ஒரு வரி விடமாட்டேன் என்கிறாரே என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கால்மணி நேரம் அப்படியே தீர்ந்தது.

அம்மாவன் ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்தார். காதுக்குப் பின்னால் இரண்டு சிவந்த வட்டம். எழுந்து கிணற்றடிக்குப் போனார். நாங்கள் எட்டிப் பார்த்தோம். வாளி வாளியாக இறைத்து முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் தாணுவும் உமையம்மையும் வந்து இறங்கினார்கள். நான் லீவு போட்டுவிட்டு அங்கேயே காத்திருந்தேன், சொந்தக்காரர்களிலும் பாதிப் பேர் போகவில்லை. அவள் செருப்பைக் கழற்றும் முன்பே எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "நல்லா இருந்துட்டி." "தேனு மாதிரி." "மைக்குக்கு முன்ன உக்காந்து பாடின மாதிரியே இல்ல, இங்கண கூடத்துல பாடின மாதிரி." குழித்துறைக்காரர் ஒரு படி மேலே போய், முதல் பாட்டைவிட இரண்டாவது பாட்டு தனக்குப் பிடித்தது என்றார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் முகத்தில் ஏதோ ஒரு வாட்டம் இருந்தது. என்னைப் பார்த்தாள். நான், "கொள்ளாம், கொள்ளாம்" என்றேன்.

அம்மாவன் அறையிலிருந்து வந்தார். அவள் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"மொத பாட்டு எனக்குத் தெரியாது. உபசாரத்துல போச்சு" என்றார். "ரெண்டாவது ஆனந்தபைரவி. அனுபல்லவி எடுக்கும்போ அவசரப்பட்டுட்டே. பின்ன, சரணத்துல ஒரு வரிய முழுங்கிட்டு, முந்தின வரியவே ரெண்டு மட்டம் பாடி ஒப்பேத்தினே. இல்லையாட்டி?"

உமையம்மைக்கு முகம் வெளுத்தது. "ஆமா" என்றாள். பிறகு அழுதுவிட்டாள். "மறந்துட்டு. ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

தேன் மாதிரி என்று சொன்னவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். அந்த வீட்டிலேயே அந்தப் பாட்டைக் கேட்டவர் ஒரே ஒருவர்தான், அவர் செவிடர்.

"ஆனாலும் கொள்ளாம். ஆனந்தபைரவி கேட்டு எத்தன வருசமாச்சு" என்றார் அம்மாவன். அவர் குரலை அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் கேட்டதில்லை. "தம்புரா கீழயே இரிக்கட்டு."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நாகர்கோவில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான், லேபில் முதலாண்டுப் பையன்களுக்கு நானே செய்துகாட்டுகிற பாடம் ஞாபகம் வந்தது. இசைக்கவையைத் தட்டி, காம்பைப் பல்லில் கடித்தாலும் சத்தம் கேட்கும். ஒலி எலும்பு வழியாகவும் போகும். அம்மாவனுக்கு வாசல்தான் அடைத்திருந்தது, உள்ளே வீடு காலியாகவில்லை. கடுக்கன் நசுங்கியதால் ஹெட்போன் எலும்பில் ஏறியது, பட்டாளத்து எஃகு அதை அமுக்கிப் பிடித்தது. வருஷக்கணக்காக நான் டெமான்ஸ்ட்ரேஷன் செய்திருக்கிறேன், அன்றைக்குத்தான் ஒன்று சரியாக வந்தது. அதுவும் நான் செய்யாமலே.

அடுத்த ஞாயிறு ஒரு இசைக்கவையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் அவர் எலும்பில் வைத்துக் காட்டினேன். அவர் கண் விரிந்தது. "இன்னொரு மட்டம்" என்றார். சாயங்காலம்வரை இன்னொரு மட்டம், இன்னொரு மட்டம் என்று என் முழங்கை வீங்கிப்போயிற்று. அத்தைக்கு மட்டும்தான் கவலை. "இனி இவருக்குப் பொறத்தால நின்னு ஒண்ணும் மெள்ளச் சொல்ல முடியாதே" என்றார்கள்.

என் காரியத்தை அவரே எடுத்தார். "பெண்ணக் கூட்டிட்டுப் போம். மெஷினு இங்கண இரிக்கட்டு."

நாஞ்சில் நாட்டில் பெண்வீட்டுக்கு வரதட்சணை கொடுத்த மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன். புட்டுக்குழலோடு சேர்த்துக் கொடுத்தேன். பாட்டரி மாற்ற ஞாயிறுதோறும் போக வேண்டும். உமையம்மை மறுபடி ரேடியோவில் பாடியபோது நான் பூதப்பாண்டிக்குப் போயிருந்தேன். அம்மாவன் பல்லவி ஒரு தரம் கேட்டார். கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி, உபசார வார்த்தை எதுவும் இல்லாமல், அத்தையின் தலையில் தானே மாட்டிவிட்டார். "நீ கேளு" என்றார். அத்தை கேட்டுக்கொண்டே அழுததைப் பார்த்து நானும் அழுதேன். கன்னியாகுமரி மதராஸோடு சேர்ந்த செய்தியையும் அந்த வீட்டில் முதலில் கேட்டு எல்லோருக்கும் கத்திச் சொன்னவர் அவர்தான். அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார்.

அந்தத் தென்னைகள் இப்போது இல்லை. கொல்லையில் யாரோ மாடிவீடு கட்டியிருக்கிறார்கள். அம்மாவனுக்குப் பிறகு எங்களிடம் வந்த ஹெட்போனின் எஃகுப்பட்டை ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது, பிறகு காணோம். ஒருவர் கேட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த காலமும் போயிற்று. இப்போது பஸ்ஸில் பார்த்தால் ஆளுக்கு ஒரு ஜோடி, அவரவர் பாட்டு அவரவர் காதுக்குள்.

டாக்டர் பெண்ணிடம் சொல்லாமல் விட்ட பதிலைச் சொல்லிவிடுகிறேன். காம்பை எலும்பில் வைத்து அழுத்தினாளே, எனக்குக் கேட்கவில்லை. நடுக்கம் தெரிந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு வாசல் அடைக்கவில்லையாம், நரம்பே தளர்ந்துவிட்டதாம். அம்மாவனுக்குத் திறந்த வழி எனக்குக் கிடையாது. காதில் மாட்ட ஒரு மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கத்திப் பேசினால் கொஞ்ச நாள் கேட்குமாம்.

உமையம்மை இப்போதும் விளக்கேற்றிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடுவாள். நான் நாற்காலியில் இருப்பேன். அவள் உதடு அசைவது தெரியும், தொடைமேல் கை விழுந்து எழுவது தெரியும். கை நின்றதும் பாட்டு முடிந்தது என்று அர்த்தம். என் பக்கம் திரும்புவாள். "கொள்ளாம்" என்பேன். ரொம்ப நாளாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று கூடத்தில் தேன் மாதிரி என்று சொன்னவர்களை இப்போது நான் ஒன்றும் சொல்வதில்லை.

நேற்றும் விளக்கேற்றினாள், உட்கார்ந்தாள், கை தொடைமேல் விழுந்து எழுந்து நின்றது. திரும்பினாள்.

"கொள்ளாம்" என்றேன்.

அவள் எழுந்து வந்து என் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதட்டைப் பார்த்தே விளங்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "கொசு அடிச்சேன். நான் இன்னும் பாடத் தொடங்கல்ல."